முந்தி ஒலித்த ட்ரம்பெட்

2016ஆம் ஆண்டு மாரி காலத்தில், மழைக்கு ஒதுங்கிய கல்முனைக்குடிப் புடைவைக் கடையொன்றில் மசூர் காக்காவை, அதாவது மசூர் அண்ணனை, முதன்முதலாகச் சந்தித்தேன். கடைக்காரரான அவர் துணி மடித்தவாறே ஒரு பழைய நடனப் பாடலைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். பதினான்கு பேர் சேர்ந்திசைத்த அப்பாடலை என் சிறுவயதில் வானொலியில் பலமுறை கேட்டிருக்கிறேன். பிழையைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது.

"காக்கா, ட்ரம்பெட் வாற இடத்துல ஒரு தாளம் முந்திட்டீங்க."

பிழை திருத்திய விதத்திலேயே என் தொழிலை அறிந்துகொண்ட அவருடைய மனைவி றாஹிலா சிரித்தார்.

"நல்லாச் செல்லுங்க டீச்சர். ஐம்பது வருசமா நானும் செல்றன். கேட்டா, அதுல ஊதினதே இவருதானாம்."

"ஓம், நான்தான்," என்றார் அவர் அமைதியாக.

1957இல், பத்தொன்பது வயதில், கொழும்பில் அவர் வாசித்த குழு அப்பாடலைப் பதிவுசெய்தது. ஒலிவாங்கி ஒன்றே இருந்தது. உரத்து ஒலிக்கும் கருவி எட்ட நிற்கவேண்டுமென்று அவரை விறாந்தையில் நிறுத்தினார்கள். குழுத்தலைவர் தன் கைக்குட்டையை, லேஞ்சியை, உயர்த்தும்போது ஊதவேண்டும் என்பது ஏற்பாடு. இரைச்சல் பதியுமென்று மின்விசிறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் வியர்வை துடைக்க லேஞ்சியை எடுத்தார்; இவர் ஊதிவிட்டார்.

பிழையைக் கவனிக்குமுன் நடுவில் பச்சை ஒட்டுத்தாளுடன் முதல் இசைத்தட்டுகள் கடைகளுக்குப் போய்விட்டன. ஆறு மாதங்களின் பின் வேறொருவரை ஊதவைத்து மீண்டும் பதிந்தார்கள். வானொலியில் ஒலித்தது அந்த இரண்டாம் பதிவுதான். இவரோ வெட்கத்தில் ஒரு தட்டும் வாங்காமல், ட்ரம்பெட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

"றாஹிலாக்கு ஒரு தரம் அதைக் கேக்க வெச்சாக் காணும் டீச்சர், வேறொண்டும் வேணாம்," என்றார்.

கொழும்பில் பணிபுரியும் என் மகள் ஸில்மியாவிடம் அந்தப் பச்சை ஒட்டுத்தாள் இசைத்தட்டைத் தேடச் சொன்னேன். ஏழு ஆண்டுகளின் பின், பழைய சாமான் கடையொன்றில் அதைக் கண்டெடுத்து, ஒலியை என் கைபேசிக்கு அனுப்பினாள். மசூர் காக்கா அப்போது நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்; அவர் வீட்டுக்குப் போய் ஒலிக்கவிட்டேன். முதலில் கீறல் சத்தம், பின்னர் பாடல், பின்னர் ஒரு தாளம் முந்திக்கொண்டு ட்ரம்பெட்.

றாஹிலா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது நம்மட வீட்டுச் சீட்டியெல்லோ," என்றார். பின் என் பக்கம் திரும்பி, "அப்ப அண்டைக்கே இவருக்குத் தாளம் இல்ல."

மசூர் காக்கா உடல் குலுங்கச் சிரித்தார். மூன்று தரம் போடச்சொல்லிக் கேட்டார்கள். மூன்றாம் தரம் றாஹிலாவும் கணவருடன் சேர்ந்து சீட்டியடித்து, சரியாக ஒரு தாளம் முந்தினார்.

கீறல்களை நீக்கி, ட்ரம்பெட்டையும் உரிய இடத்துக்கு நகர்த்திக் கணினியில் சீராக்கலாம் என்று ஸில்மியா சொல்லியிருந்தாள். நானும் பழக்கதோஷத்தில் அது நல்லதென்றே சொன்னேன். மசூர் காக்கா வேண்டாமென்று என் கையைத் தட்டினார். இரண்டு வாரங்களில் அவர் மௌத்தானார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"கீறல எடுக்கச் செல்லுங்க டீச்சர். ட்ரம்பெட்ல கை வைக்க வேணாம். றாஹிலா என்னைக் கண்டுபிடிச்சது அதாலதான்."