எதைச் சிதிலம் என்பது

பழைய கட்டடங்களைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. இதே வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ‘இது சிதிலமடைந்த வீடு’ என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டுமென்று.

கள்ளிக்குப்பத்தில்

கன்னியம்மாவின் மகன் மாடி கட்ட ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். கூரை முழுக்க சிமென்ட் ஒட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். சிலவற்றில் விரல் தடம்கூட இருந்தது. மழைக்கு மழை அந்த அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறிப் பூசியது. மாடி தாங்காது, வீடு சிதிலமாகியிருக்கிறது என்றேன்.

“சிதிலம்னா இன்னாம்மா?” என்று கன்னியம்மா கேட்டார்.

“கவனிக்க ஆளில்லாம பாழாப் போறது.”

அவர் கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அப்ப இது அது இல்ல. கவனிக்கத்தான் நான் கீறேனே. இது பழசு, அவ்ளோதான்.”

ஆவடியில்

பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஊழியர் குடியிருப்பு. மொட்டைமாடியில் முளைத்த அரசமரம் சுவரோடு வேர்விட்டுத் தரைவரை இறங்கியிருந்தது. காரை உதிர்ந்து பிடிப்பற்றுப்போன செங்கற்களை வேர்கள்தான் விழாமல் பிடித்திருந்தன. கூட வந்த மேற்பார்வையாளர் பாஸ்கர் ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்:

“ஆளுங்க வுட்டுட்டுப் போனத இது பாத்துக்கினு கீது, மேடம்.”

சென்னீர்குப்பத்தில்

டிபன் கடை ஏழுமலை குடும்பத்தோடு இருந்த வாடகை வீட்டில் உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தது. இன்றைக்கே காலி செய்யுங்கள் என்றேன். “பசங்கள கூட்டிகினு எங்க போறது?” என்று என்னிடம் சண்டை போட்டார். நானும் விடவில்லை. கடைசியில் மனைவி முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எல்லோரும் பக்கத்துத் தெருவில் அவர் தங்கை வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வாரமே பெருமழை. கூரை மொத்தமும் உள்ளே விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் இடுப்புயரத்துக்குச் செங்கல் குவிந்து கிடந்தது. ஏழுமலை அந்தக் குவியலில் கைவைத்து நின்றார். ஒரு சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். வைத்த கையை எடுக்காமலே சொன்னார்:

“நாங்க போறவரிக்கும் தாங்கிகினு இருந்துக்கீது, மேடம்.”

இத்தனை வருஷத்தில் நான் ஒரு சுவரையும் தாங்கிப் பிடித்ததில்லை, ‘சிதிலம்’ என்று பேர் வைத்ததோடு சரி.