தணிகாசலமும் சிவந்த டிரான்ஸ்பார்மரும்

போர்மேன் தணிகாசலம் இறந்த செய்தி, பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்த நேரத்தில் என் போனுக்கு வந்தது. 'மாரடைப்பு, விடியற்காலை' என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். ஒரு மணிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவரும் அதைத்தான் செய்திருப்பார். "செத்தவன் காத்துக்கினு இருப்பான் மேடம், மாவு அரைக்கிறவங்க இருக்க மாட்டாங்க" என்று ஒருமுறை சொன்னவர் அவர்.

அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்துக்கு நான் உதவிப் பொறியாளராக வந்தபோது அவர் அங்கே போர்மேன். ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தோம். குட்டையான மனிதர். கம்பம் ஏறும் வயதைத் தாண்டியும் ஏறுவார். ஏறக்கூடாது என்று நான் எழுத்தில் கொடுத்த பிறகும் ஏறினார். என்னை மேடம் என்பார். கோபம் வந்தால் மட்டும் 'மேடம்மா' என்று ஒரு இழுப்பு வரும்.

நட்டுக்குக் குங்குமம் வைத்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நீங்கள் சொல்லும் கதையில் ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள் நான்.

தேர்த் திருவிழா முடிந்து பத்து நாள் இருக்கும். செங்கமலம் என்கிற தறிக்கார அம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

"எங்க வூட்டுக்கு எதுர்ல இருக்குற டிரான்ஸ்பார்மர் செவசெவன்னு ஆவுதும்மா. அடுப்புல காயற இரும்பு மாதிரி. சாயங்காலம் ஆனா போதும்."

நான் படித்தவள் அல்லவா, விளக்கினேன். டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய் இருக்கிறது. இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அதற்கு வெகு முன்பே எண்ணெய் பொங்கித் தீப்பிடித்துவிடும். எவ்வளவு லோடு ஏற்றினாலும் அது வெடிக்கலாம், எரியலாம். விளக்கு மாதிரி ஒளிர்ந்துகொண்டு நிற்காது.

"அப்போ நான் பொய் சொல்றனா?"

"புதுசா வெள்ளி பெயிண்டு அடிச்சிருக்குதும்மா. வெயில் சாயற நேரம், அது மின்னுது" என்றேன்.

அவர் போனதும் புகார்ப் பதிவேட்டில், 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரில் போகவில்லை. அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. எனக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும்.

தணிகாசலம் அறையின் மூலையில் டீயை ஆறவிட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "டிரான்ஸ்பார்மர் ஒளிராது, அது சரி மேடம். ஆனா அந்தம்மா நாள் பூரா பட்டுல செவப்பு பாக்குறவங்க. அரக்கு எது, மொளகாப்பழ செவப்பு எதுன்னு தூரத்துலயே சொல்லிடுவாங்க. வெயிலு செவப்பையும் நெருப்பு செவப்பையும் மாத்தி சொல்லுவாங்களா?"

"போய் வேணா பாருங்க போர்மேன்" என்றேன், பைத்தியக்கார வேலை என்ற தொனியில்.

போனார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அன்று தெருவில் ஒரு சாவு. தறி எதுவும் ஓடவில்லை. மறுநாள் சாயங்காலம் தறி மோட்டார், நூல் சுற்றும் மோட்டார், கிரைண்டர், டிவி எல்லாம் ஒன்றாக ஓடின. ஆறரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. "மேடம், உடனே வாங்க. நீங்களும் சரி, அந்தம்மாவும் சரி."

போய்ப் பார்த்தேன். மின்சாரம் தெருவுக்கு இறங்கும் பக்கத்தில், கேபிளை டிரான்ஸ்பார்மரோடு சேர்க்கும் மூட்டு ஒன்று, எட்டணா நாணயம் அளவுக்குச் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் பின்னால் இருந்த வெள்ளி பெயிண்டில் பட்டு, செங்கமலத்தின் வாசலிலிருந்து பார்த்தால் மொத்தப் பெட்டியும் சிவந்து தெரிந்தது. மூட்டு தளர்ந்திருந்தால் லோடு ஏற ஏற அந்த இடம் மட்டும் காயும். இன்னும் கொஞ்ச நாளில், மூட்டின் அடியில் எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் இளகி எண்ணெய் கசிந்திருக்கும். கசிந்த எண்ணெய் அந்த நெருப்பின் மேல்தான் விழுந்திருக்கும். எதிரே பட்டுப் பாவு பூட்டிய ஆறு தறிகள், அவற்றில் ஆட்கள்.

உடனே மின்சாரத்தை நிறுத்தினோம். முகூர்த்தப் புடவைகள் தறியில் நின்ற நேரம் அது. தெருவே திரண்டு வந்து கத்தியது. செங்கமலம் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னாத்துக்குக் கத்திக்கினு இருக்கீங்க? நான்தான் வரச் சொன்னேன். எரிஞ்சாத்தான் நிம்மதியா உங்களுக்கு?"

தணிகாசலம் ஏறினார். அந்த மூட்டில் இரண்டு நட்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. மேலே இருந்தபடியே தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தேர் வரும் நாளில் வீதிக்குக் குறுக்கே போகும் கேபிளைக் கழற்றி இறக்குவோம். கழற்றிய நட்டுகள் ஏறியவரின் சட்டைப் பையில் இருக்கும். தேர் தாண்டியதும் பூட்டுவோம். அப்போது தெருவே 'கரண்ட்டு, கரண்ட்டு' என்று கத்தும். அன்று பூட்டியவர் அவர்தான்.

இறங்கி வந்து மனைவிக்குப் போன் போட்டார். வசந்தாம்மா பேசியது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "பையில இருந்த பித்தள நட்டா? அது தேரோடதுன்னு இல்ல நெனச்சேன்! சாமி மாடத்துல வெச்சி தெனம் குங்குமம் வெச்சிக்கினு இருக்கேன்."

வசந்தாம்மாவே அதை ஆட்டோவில் கொண்டுவந்தார், வெற்றிலையில் வைத்து. கருகிய முனையை மாற்றிவிட்டு, குங்குமத்தோடு அப்படியே அந்த நட்டைப் பூட்டினார் தணிகாசலம். நீங்கள் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும்.

மறுநாள் காலை பதிவேட்டை எடுத்தோம். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வு உத்தரவு நின்றுபோகும். "மூட்டு தளர்வு, சரிசெய்யப்பட்டதுன்னு எழுதுங்க, போதும்" என்றேன். அவர் என் பேனாவை வாங்கி, 'தேர் அன்று ஒரு நட்டைப் பூட்டாமல் விட்டேன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு நேர் மேலே என் வரி இருந்தது. என் எதிரிலேயே அதை நிதானமாகப் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதுது, மேடம்மா."

குறிப்பாணை வந்தது. விசாரணைக்குப் பதிவேட்டின் நகல் கேட்டார்கள். நகல் எடுக்கும்போது, என் வரி விழாதபடி அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தது இந்தக் கைதான். அந்த நகலை மேலதிகாரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் தணிகாசலம். அவருக்கு எச்சரிக்கை கிடைத்தது, ஓய்வு உத்தரவு தாமதமானது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தும் திறக்கவில்லை.

துக்க வீட்டில் வசந்தாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மேடம், அந்த நட்டு இன்னும் அங்கதான் இருக்குதா?"

"இருக்குதும்மா" என்றேன் உடனே.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் பார்க்கவில்லை. மறுபடியும் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். அந்தி நேரம், தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டிரான்ஸ்பார்மர் சும்மா நின்றது. "இப்போ செவக்கறது இல்லம்மா" என்றார் வாசலில் இருந்த செங்கமலம். கீழேயிருந்து நட்டு தெரியவில்லை. மறுநாள் காலை பத்து நிமிடம் மின்சாரத்தை நிறுத்தி லைன்மேனை ஏற்றினேன். "குங்குமமா அழுக்கான்னு தெரியல மேடம். ஆனா ரெண்டு நட்டும் கெட்டியா இருக்குது" என்றார். வசந்தாம்மாவுக்குப் போன் செய்து இன்னொரு முறை சொன்னேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு 'மேடம்மா'. அலுவலகத்துக்கு வந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என் வரியின் ஓரத்தில், 'நேரில் ஆய்வு செய்யவில்லை' என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரிக்கு அனுப்ப அந்தப் பக்கத்தை நகல் எடுத்தேன். முழுப் பக்கத்தையும்.