வெர்னெல் டார்வர் நர்சிங் படிக்கப் போன கதை

மேக்கன் ஊரில் எங்கள் கறுப்பின ஆட்கள் யார் செத்தாலும் கடைசியாக ஒருமுறை வெர்னெல் டார்வரின் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இருபத்தோரு வருஷம் அப்படித்தான் இருந்தது. அப்பா விட்டுப்போன சவ அடக்க நிலையத்தை அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். அண்ணன் கிளிஃப்டன் முன்கூடத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அழுகிறவர்களுக்குக் கை கொடுப்பார், காகிதங்களில் கையெழுத்து வாங்குவார். தங்கை பின்னறையில் உடலைக் கழுவி, பதப்படுத்தி, முகத்துக்கு நிறம் கொடுத்து, தலைவாரிப் பெட்டியில் கிடத்துவாள். "தூங்குற மாதிரியே இருக்காரே" என்று சொந்தக்காரர்கள் விம்மினால் அதுதான் அவளுக்குப் பாராட்டு. அதற்குமேல் யாரும் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

செத்தவரின் முகத்தை ஊரே பார்க்கும். முதுகைப் பார்ப்பவள் வெர்னெல் ஒருத்திதான். எந்தப் பராமரிப்பு இல்லத்திலிருந்து உடல் வந்திருக்கிறது என்று காகிதத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். புரட்டிப் போட்டால் போதும். சில இல்லங்களிலிருந்து வருகிறவர்களின் தோல் குழந்தையின் தோல் மாதிரி சுத்தமாக இருக்கும். சில இல்லங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் புண். மாதக்கணக்காக ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டுவிட்டு மறந்துபோன புண்.

எதிர்ச்சாரியில் முடிவெட்டும் கடை வைத்திருந்த லூசியஸ் ஹார்கிரோவ் அப்படித்தான் வந்து சேர்ந்தார். எட்டு மாதம் ஓர் இல்லத்தில் இருந்தவர். அவரைப் புரட்டிய வெர்னெல் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே ஒரு கை உள்ளே போகிற அளவுக்குக் குழி. எலும்பு தெரிந்தது. அவள் அதை அடைத்து, கட்டி, மேலே நல்ல சாம்பல் நிறக் கோட்டு மாட்டிப் பெட்டியில் வைத்தாள். "அப்பா எவ்வளவு கம்பீரமா இருக்காரு பாரு!" என்று மகன்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணே, நான் நர்சுக்குப் படிக்கப் போறேன்."

கிளிஃப்டன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "கழுதை வயசாச்சு, நாப்பத்திநாலு. இப்பப் போயி நர்சா? உன் கைக்கு வந்தவங்க ஒருத்தராவது இதுவரைக்கும் உன்னைக் குறை சொல்லியிருக்காங்களா? அங்க போனா எல்லாரும் வாயத் தொறந்து பேசுவாங்கடி!"

"பேசட்டும். இங்க வந்த அப்பறம் நான் மறைக்கத்தான் முடியுது. இவங்க இங்க வர்றதுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்."

"அப்போ அப்பா கட்டுன இந்த எடம்?"

அவள் பின்னறை மேசையைக் கழுவப் போனாள். அன்றிலிருந்து கிளிஃப்டன் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. அவருக்கு அது கோபம் என்று ஊர் நினைத்தது. பயம் என்று வெர்னெலுக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய?

வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் நேரே சேரக்கூடிய முதுகலை நர்சிங் படிப்பு ஒன்று பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. வெர்னெலிடமும் பழைய பட்டம் ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு இடம். விண்ணப்பிக்கிறவர்கள் நானூறு பேர். ஏழு வருஷத்துக்கு மேல் பழசான அறிவியல் பாடங்கள் செல்லாது என்றும் ஒரு விதி. பால் பாக்கெட் மாதிரி படிப்புக்கும் காலாவதி தேதி போட்ட மகராசன் யாரோ! மனித உடம்பில் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று இருட்டில் தடவியே சொல்லக்கூடியவள், மறுபடி உடற்கூறியல் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் எல்லாம் இருபது வயசு. தொடைத் தமனி எங்கே என்று ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள்.

"எப்படி ஆன்ட்டி டக்குனு சொல்றீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நேத்துதான்டா கண்ணு ஒரு பொணத்துல தேடி எடுத்தேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பெண் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பரீட்சை நெருங்கியதும் அவளே தேடி வந்து ஒட்டிக்கொண்டாள். வெர்னெல் வகுப்பிலேயே முதல்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். இரண்டு சுலபமாகக் கிடைத்தன. மூன்றாவது, அவள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதைக் கண்ணால் கண்ட ஒரு தலைமை நர்ஸிடமிருந்து வர வேண்டும். அதற்காகவே உதவியாளர் பயிற்சி முடித்து, சனி ஞாயிறுகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இரண்டாம் மாடியின் தலைமை நர்ஸ் டெல்ஃபீன் காப். முப்பது வருஷ அனுபவம். அவர் வாயிலிருந்து 'பரவாயில்லை' என்று ஒரு சொல் வந்துவிட்டால் அன்றைக்கு மழை பெய்யும் என்பார்கள்.

"மூணு மாசம் உன்னைப் பாக்கறேன். அப்பறம் எழுதலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார் காப். "எழுதுனா உள்ளதை எழுதுவேன். சர்க்கரை தடவ எனக்குத் தெரியாது."

வெர்னெல் உழைத்தாள். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுவது அவளுக்குப் பின்னறையிலேயே வந்த பழக்கம். 'இப்ப கையைத் தூக்கறேன், மிஸ்டர் ஜோன்ஸ்' என்று செத்தவர்களிடமே சொல்லிவந்தவள், உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லமாட்டாளா? கிழங்கள் அவளுக்காகச் சனிக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்தன.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குச் சுடுகாட்டுப் பழக்கம் கட்டில் மட்டும் வந்தது.

மூன்றாம் மாதத்தின் கடைசி ஞாயிறு. விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். மோசெல் ஸ்டிரிக்லண்ட் அம்மாவை மத்தியானம் குளிப்பாட்டினாள். தொண்ணூற்றொரு வயசு, நாற்பது வருஷம் அழகு நிலையம் நடத்தி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலை சீவியவர். வெந்நீர்ச் சுகத்தில் அந்த அம்மா படுத்ததும் அயர்ந்துவிட்டார். வெர்னெலும் முந்தின நாள் இரண்டு உடலுக்கு வேலை செய்துவிட்டு வந்தவள். மனசு எங்கோ இருந்தது, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நரைமுடியை வாரிவிட்டது. தலையணையை உயர்த்தியது. முகவாயைச் சற்றே தூக்கி, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பியது; பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம்தானே நிற்பார்கள். வலக்கைமேல் இடக்கையை, மோதிரம் தெரிகிற மாதிரி வயிற்றின்மேல் வைத்தது. போர்வையை ஒரு சுருக்கம் இல்லாமல் மார்வரை இழுத்துவிட்டது. வெர்னெல் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். நன்றாக இருந்தது. அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து, தலையில் பெரிய மஞ்சள் தொப்பியோடு மகள் ஜெனீவா அம்மாவைப் பார்க்க உள்ளே நுழைந்தாள்.

"ஐயோ ஆண்டவரே! அம்மா போயிட்டாங்களே! எங்க அம்மா போயிட்டாங்களே!"

மாடி முழுக்க அலறல் கேட்டது. தொப்பி ஒரு பக்கம் உருண்டது, கொண்டுவந்த பொரித்த கோழி ஒரு பக்கம் சிதறியது. மோசெல் அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"யாருடி செத்தது?"

ஜெனீவா நாற்காலியில் அப்படியே சரிந்தாள். வெர்னெல் ஓடிவந்தாள். மோசெல் அம்மா தன் கைகளைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், கடைசியாக வெர்னெலைப் பார்த்தார்.

"ஏன்டி வெர்னெல், உங்க அண்ணன்கிட்ட நான் பெட்டி பாத்து வெச்சிருக்கேன், போட்டுக்க நீலக் கவுனும் குடுத்து வெச்சிருக்கேன், எல்லாம் சரிதான். தேதி மட்டும் ஆண்டவர்கிட்ட விட்டிருந்தேனே, நீ எதுக்குடி முந்திக்கிட்ட?"

வாசலில் காப் வந்து நின்றிருந்தார். "யார் இவங்களை இப்படிக் கிடத்துனது?"

அவங்களே அப்படித் தூங்கிட்டாங்க என்று ஒரு பொய் வெர்னெலின் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று மாத உழைப்பு, ஒன்பது நாள் தவணை, எல்லாம் அந்தப் பொய்யில் பிழைத்துக்கொள்ளும். ஜெனீவா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெர்னெல் படுக்கையைப் பார்த்தாள். மல்லாக்க, நேராக, இடுப்பு முழுக்க மெத்தையில் அழுந்த. லூசியஸ் ஹார்கிரோவுக்குக் குழி விழுந்தது இப்படிப் படுத்துத்தான்.

"நான்தான் மிசஸ் காப்" என்றாள். "பெட்டியில வெக்கற மாதிரி வெச்சுட்டேன். கைப்பழக்கம். பயமுறுத்தினது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, இவங்களை மல்லாக்க விட்டது. இடுப்புல தோல் ஏற்கெனவே மெலிசு. ஒரு பக்கமா சாய்ச்சு, முட்டிக்கு நடுவுல தலையணை வெச்சிருக்கணும். செத்தவங்க எப்படிக் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு ஆகும்."

"இவளை வேலையைவிட்டுத் தூக்குங்க!" என்றாள் ஜெனீவா.

"நீ சும்மா இருடி" என்றார் மோசெல் அம்மா. "மத்தவளுங்க என்னை மூட்டை மாதிரி உருட்டறாளுங்க. இவ ஒருத்திதான் கேட்டுட்டுத் தொடறா. ஆனா வெர்னெல், தலை நல்லாத்தான் வாரியிருக்க. அதை மட்டும் கலைக்காதே."

வெர்னெல் அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறவரை காப் அங்கேயே நின்று பார்த்தார், பிறகு போய் நடந்ததைப் பதிவேட்டில் எழுதினார். விண்ணப்பம் போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் போன் செய்தார். "கடிதம் அனுப்பிட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். கடிதத்தைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று வெர்னெல் விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. அப்படிப் போட்டால்தான் கல்லூரிகள் கடிதத்தை நம்பும். உள்ளே என்ன இருக்கிறதோ!

செய்தி கிளிஃப்டன் காதுக்கும் போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பேசாம பின்னறைக்கே வந்துரு வெர்னி" என்றார். குரலில் கேலி இல்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஏன் நர்சாக விரும்புகிறீர்கள் என்ற கட்டுரையைச் 'சிறு வயதிலிருந்தே சேவையில் ஆர்வம்' என்று நாட்டில் எல்லாரும் எழுதுகிற மாதிரிதான் எழுதி வைத்திருந்தாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இருபத்தோரு வருஷமாகத் தான் பார்த்த முதுகுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள்.

மார்ச்சில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஒரு பெண்மணியை உயிரோட இருக்கறப்பவே சவம் மாதிரி கிடத்துனீங்கன்னு உங்க தலைமை நர்ஸ் எழுதியிருக்காங்க. உண்மையா?"

உள்ளதை எழுதுவேன் என்று சொன்னவர் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார். "உண்மைதாங்க" என்றாள் வெர்னெல்.

"அதுல என்ன கத்துக்கிட்டீங்க?"

"பின்னறையில என் வேலை ஒரு தடவை சரியா செஞ்சா முடிஞ்சது. அப்பறம் யாரும் அசையப் போறதில்ல. இங்க அப்படி இல்ல. இப்பச் சரியா படுக்க வெச்சாலும் ரெண்டு மணி நேரத்துல அது தப்பாயிடும். மறுபடி போகணும். மறுபடி புரட்டணும். முடிக்க முடியாத வேலைங்க இது. அழகா இருக்கான்னு நான் இப்ப தள்ளி நின்னு பாக்கறதில்ல. எங்க அழுத்துதுன்னு அவங்களையே கேக்கறேன்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீடு வரை அவள் காரில் பாட்டே போடவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பின்னறையில் தனியாக நின்று நாலு தடவை படித்தாள், ஐந்தாவது தடவை வாய்விட்டுப் படித்தாள். சனிக்கிழமை காப்பிடம் போய்ச் சொன்னாள். "அந்தக் கடிதத்துல என்னதான் எழுதுனீங்க மிசஸ் காப்?"

"நடந்ததை எழுதுனேன்" என்றார் காப், மருந்து வண்டியைவிட்டுக் கண்ணெடுக்காமல். "நான் துருவிக் கேக்கறதுக்கு முன்னாடியே நீ தப்பையும் காரணத்தையும் சொன்னதை எழுதுனேன். நீ வந்த அப்பறம் இந்த மாடியில புதுசா ஒரு புண் வரல, அதையும் எழுதுனேன். அதுவும் நடந்ததுதானே. போ, பன்னெண்டாம் நம்பரைத் திருப்பிப் படுக்க வைக்கற நேரம்."

அண்ணனிடம் மட்டும் அவள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் "ம்" என்றார். வெளியே போய், ஏற்கெனவே பளபளவென்றிருந்த சவ வண்டியை ஒரு மணி நேரம் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பு நேரம் வந்தது. கிளிஃப்டன் எழுந்து முன்னால் போனார். அவர் எழுந்தால் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்கள். 'யாரு?' 'யாரு போனது?' என்று வரிசை வரிசையாகக் கிசுகிசுத்தார்கள்.

"பேனாவை உள்ள வைங்க" என்றார் கிளிஃப்டன். "இருபத்தாறு வருஷமா இங்க நின்னு யாரு செத்தாங்க, எப்ப அடக்கம்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். இன்னிக்கு யாரும் சாகல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் தங்கச்சி வெர்னெல், நானூறு பேருல எடுத்த முப்பத்திரண்டு பேருல ஒருத்தியா, நர்ஸ் படிப்புக்குப் போறா. நான் வேண்டாம்னு சொன்னேன். அவ கேக்கல. அவ போற எடத்துலயிருந்து இனிமே எனக்கு வேலை குறைச்சலாத்தான் வருமாம்."

கோட்டுப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அழுகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக எப்போதும் வைத்திருப்பது. அதால் தன் கண்ணைத் துடைத்தார்.

"குறையட்டும்" என்றார்.

சபை முழுக்க எழுந்து கை தட்டியது.