வெயிலில் காய்ந்த மலைமண்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடைத்துவைக்கிற கிட்டங்கியில் வேலை பார்த்த சீனியம்மாளுக்கு ஒரே ஒரு எதிரிதான்: பூசணம். சுக்கில் வெள்ளையாக எங்கே படர்ந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. துடைத்து, தட்டி, முற்றத்தில் பரப்பி முறுகக் காயவைத்தால்தான் நிம்மதி. ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவளுக்கு அந்த வேலையிலேயே தலை நரைத்தது. தூசி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்தது. இனி கிட்டங்கிக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம், அவளும் நானும் குடியிருந்த சந்தின் கோடியில் சிவசங்கரன் என்ற பாலக்காட்டுக்காரர் நாற்றங்கால் போட்டார். மலையில் பைன் மரம் நடப்போகிற ஒரு கம்பெனிக்குக் கன்று வளர்த்துக் கொடுக்கும் வேலை. படித்த மனிதர், பேச்சில்தான் மகா கஞ்சர். தண்ணீர் ஊற்ற, களை பறிக்க சீனியம்மாளை வைத்துக்கொண்டார். தூசி இல்லாத வேலை. இருமல் மெல்ல அடங்கியது.

"அக்கா, இப்பல்லாம் இருமாம ஒரு சாயாவைக் குடிச்சு முடிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

விதை முளைத்ததும் மலையிலிருந்து சாக்குகளில் மண் வந்தது. பழைய பைன் மரங்களின் அடியில் எடுத்த மண். "இதைக் கன்னுப் பைகள்ல கலந்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டு மனிதர் எர்ணாகுளத்துக்குப் படகேறிவிட்டார். சீனியம்மாள் சாக்கைப் பிரித்தாள். மண் முழுக்க வெள்ளை இழை, பூசண வாடை. வேறு யாராக இருந்தாலும் அப்படியே அள்ளிப் போட்டிருப்பார்கள். இவள் இழையை எல்லாம் பொறுக்கிக் காயல் தண்ணீரில் வீசினாள். மீதி மண்ணைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, சுக்கைப் போலவே மொறுமொறுவென்று காயவைத்துத்தான் கலந்தாள்.

கன்றுகள் விரல் உயரத்தோடு நின்றுவிட்டன. ஊசி இலைகள் மஞ்சளாகி, பிறகு ஊதாவாக மாறின. அவள் சாணி கரைத்து ஊற்றினாள். அவர் உரம் போட்டார். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தவர், "மலை மண்ணை என்ன பண்ணினே?" என்றார்.

"நல்லாக் காயவச்சு, பூசணம் இல்லாமத்தான் போட்டேன் சாமி" என்றாள் பெருமையாக.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் பூசணத்துக்காகத்தானே மண்ணையே வரவழைச்சேன்! அது வேர்ல பத்திண்டு மண்ணுல இருக்கற சத்தைக் கன்னுக்கு எடுத்துக் கொடுக்கும். அது இல்லேன்னா எத்தனை உரம் கொட்டினாலும் கன்னு பட்டினிதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி."

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாயா வலித்தது? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. புது மண் கொண்டுவரலாம். ஆனால் நடவு மழை காத்திருக்குமா? கம்பெனி வேறு இடத்தில் கன்று வாங்கிக்கொண்டது. நாற்றங்காலை மூடிவிட்டார்கள்.

வேலை போன சீனியம்மாள் எர்ணாகுளத்துப் பக்கம் தேவரா வரைக்கும் போய் வேலை கேட்டாள். நரைத்த தலையைப் பார்த்ததும் எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியில் பழைய கிட்டங்கிக்கே போய் நின்றாள்.

"தூசி படாத மூலையாப் பாத்துக் குடு தம்பி" என்று மேஸ்திரி வெங்கிட்டுவிடம் கெஞ்சினாள்.

அங்கே ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் புது ஆள் கணக்கு. புது ஆளுக்கு மிளகு சலிக்கிற இடம்தான். கிட்டங்கியிலேயே தூசி அதிகம் பறப்பது அங்கேதான்.

"முறையை மாத்தினா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க அக்கா" என்றான் வெங்கிட்டு.

சீனியம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சல்லடையின் முன் உட்கார்ந்தாள்.