லேபிள் இல்லாத பாட்டில்

மதுவிலக்கை நீக்கி, சாராயக்கடைகள் திறந்த வருஷம். மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையில், டாக்டர் சீட்டுப்படி மிக்ஸ்சர் மருந்து கலக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தன் மனைவியின் புற்றுநோய் வலிக்கு அபின் சேர்ந்த மருந்து வாங்க ஒரு பெரியவர் வருவார். பஞ்சகச்சம், பட்டை விபூதி, காதில் மாட்டும் கம்பி ஒடிந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. பாட்டிலை அங்கவஸ்திரத்தில் சுற்றி, திருடிய பொருளைப்போல அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார்.

காலி பாட்டில் திரும்பி வரும்போது, நான் ஒட்டிய லேபிளும், வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகித அளவும் இருக்காது. கேட்டால், "தண்ணி பட்டு உரிஞ்சுடுத்து" என்பார்.

ஒருநாள் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"நான்தான் சுரண்டினேன். குடிக்கிறவாளைத் தெருத்தெருவாத் திட்டிண்டிருக்கேன். என் ஆத்துலயே அபின்னு எப்படிச் சொல்றது? மாட்டுப்பொண்ணுகிட்டகூடச் சொல்லலை. அவ இருமல் மருந்துன்னு நெனச்சுண்டு, நேத்து பேரனுக்கு ஸ்பூன்ல ஊத்திட்டா. வாய்கிட்டப் போயிடுத்து. தட்டிவிட்டேன்."

"குழந்தை?"

"ஒண்ணும் ஆகலை. அதுலேர்ந்து அவ என்னோட பேசலை."

தமிழில், பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். 'அபின் மருந்து. மாமிக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். அன்று அங்கவஸ்திரம் தோளிலேயே கிடந்தது. பாட்டிலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர், "இன்னா சாமி, டானிக்கா?" என்று கேட்டார்.

"அபின்" என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.