தொடாமல் போட்ட டிக்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளைச் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளைத் தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. காலர் மடிப்புக்குள் சின்ன நூல் முடிச்சு இருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும், சட்டை தைத்தவர் மடியிலேயே திரும்பப் போய் விழும். அதனால் அங்கே பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து, மருந்தேற்றி, கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்து எல்லாம் முடிந்து இரண்டு வருடம். கடவுள் கிருபையில் முடிகூட வளர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். இந்த முறை தழும்பின் ஓரத்தில் மிளகளவு ஏதோ தட்டுப்பட்டிருந்தது. மூன்று வாரமாக அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா சாப்பிடுறீங்களா? தூக்கம் வருதா? சரி, ஆறு மாசம் கழிச்சு வாங்க."

சொல்லிக்கொண்டே, ஃபைலில் மார்புப் படம் போட்ட கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

"அது என்ன டிக், டாக்டரம்மா?"

"பரிசோதனை பண்ணியாச்சுன்னு அர்த்தம்மா."

"யாரு பண்ணினது?"

நாத்தனார் கையைக் கிள்ளினாள். "அண்ணி, எந்திரிங்க. வெளிய சனம் காத்துக் கிடக்கு."

"அவங்களுக்கும் சேத்துத்தான்டி கேக்குறேன்." யாரிடமும் குரல் உயர்த்தாதவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நான் தினம் ஐந்நூறு சட்டை பாக்குறேன். ஒண்ணே ஒண்ணைத் தொடாம ஸ்டிக்கர் ஒட்டினாலும் அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சிருவாங்க. துணிக்கு இருக்கிற மரியாதை இந்த உடம்புக்கு இல்லையா?"

"ஏதாவது இருந்தா நீங்க சொல்லியிருக்கலாமே?"

"வாயைத் திறக்கறதுக்குள்ள ஆறு மாசம் தள்ளிட்டீங்களே!"

நர்ஸ் சத்தமில்லாமல் திரையை இழுத்துவிட்டாள். டாக்டரம்மாவின் விரல்கள் தழும்பைச் சுற்றி வந்து, ஓரிடத்தில் நின்றன. திரும்பவும் அழுத்திப் பார்த்தார். பிறகு அந்த டிக்கின்மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை, தழும்புச் சதைதான் திரண்டிருந்தது. அவள் கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள்.

நாத்தனார் சிரித்தாள். "ஒண்ணுமில்லாததுக்கா அண்ணி இந்த ஆட்டம் ஆடினீங்க?"

"ஒண்ணுமில்லைன்னு இப்பதான்டி தெரியும். காலையில அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"