ஆளுக்குப் பாதி அட்டை

எங்கள் தையல் கூடத்தில் அவளை எல்லோரும் பாபின் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் நூல் தீர்ந்து தடுமாறும்போது, அவள் மட்டும் நாலைந்து பாபின்களில் நூல் சுற்றி மடியில் வைத்திருப்பாள். கேட்டால் கொடுப்பாள், திருப்பிக் கேட்கமாட்டாள். அவள் தைத்த சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுவது என் வேலை. அவள் மனசு சரியில்லாவிட்டால் எனக்குத்தான் முதலில் தெரியும். தையல் கோணும்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் பால் மறப்பதற்குள் மூன்றாவது தங்கிவிட்டது. புருஷனும் அவளும் பேசி, மருத்துவமனையில் கலைத்துவிட்டார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், வீடு திரும்பியதும் கை நீட்டிய சின்னவளைத் தூக்க முடியாததுதான் அவளை வாட்டியது.

"இன்னொரு தடவை என்னால ஆகாதுடி" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள்.

கலைத்த அன்றைக்கே மருத்துவமனை நர்ஸ் கருத்தடை பற்றிப் பேசியிருக்கிறார். மாதவிலக்கு திரும்ப வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவள் கிளம்பிவிட்டாள்.

பக்கத்து மெஷினில் சட்டைக் காலர் தைப்பவள் காலர்க்காரி. ஊசியோ நூலோ, எதுவானாலும் அவர்கள் இருவருக்கும் பங்குதான். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலர்க்காரி, தன் அட்டையைக் கத்தரியால் நடுவே வெட்டி ஒரு பாதியை நீட்டினாள்.

"இந்தா. ஒருநாள் விட்டு ஒருநாள் போடு. நானும் அப்படியே போட்டுக்கிறேன். ரெண்டு பேருக்கும் மாசம் ஓடிரும்."

"வேலை செய்யுமாடி?"

"ஏன் செய்யாது? ஒரு பாபின்ல நாம ரெண்டு சட்டை தைக்கிறதில்லையா?"

பாபின் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

சில வாரம் கழித்து அவள் தையல் கோணலாக வந்தது. கைகழுவும் இடத்தில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்கு நீ வா. உனக்குத்தான் வாயே கிடையாது, விஷயம் வெளிய போகாது."

பரிசோதனை முடிவு வரும்வரை என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்தார்.

"இல்லைம்மா."

"என்ன இல்லை?"

"கர்ப்பம் இல்லை. மூச்சை விடு."

பாபின் சிரித்தாள், அதோடு அழுதாள். அப்புறம்தான் பாதி அட்டைக் கதை வெளியே வந்தது. நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தினமும் போட்டாத்தாம்மா அது காவல். ஒருநாள் கதவைப் பூட்டிட்டு மறுநாள் திறந்து போட்டா எப்படி? இன்னொண்ணு, கலைச்சப்புறம் மாதவிலக்கு வர்றதுக்கு முந்தியே கரு நிக்கலாம். அதுக்காகக் காத்திருக்கக் கூடாது."

எல்லா முறைகளையும் விளக்கினார். பாபின் காப்பர் டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"மெஷின் ஊசி அளவுகூட இல்ல. இது நெஞ்சுக்கு ஏறிருமாமே?"

"ஏற வழியே இல்ல. கர்ப்பப்பையிலயே கிடக்கும். வேணாம்னா எடுத்துரலாம்."

"அப்ப இதுவே போதும். தினமும் ஞாபகம் வச்சுக்க வேணாம். வீட்டுக்காரர் கையெழுத்து போடணுமா?"

"உடம்பு யாருது?"

பாபின் என்னைப் பார்த்தாள். "என்னுதுதான்" என்றாள். "இப்பவே போட்டுவிடுங்க. வீட்டுக்குப் போனா தைரியம் போயிரும்."

"மாதவிலக்கு ஆரம்பிச்சதும் வா. ரொம்பப் புதுசா நின்ன கரு சோதனையில தெரியாது, மாதவிலக்கு வந்தா அந்தச் சந்தேகமும் தீர்ந்துரும். அதுவரைக்கும் ஆணுறை." ஒரு கட்டு கொடுத்து அனுப்பினார்.

தைரியம் போகவில்லை. அடுத்த வாரம் மாதவிலக்கு வந்த அன்று காலையில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அரைநாள் லீவு கேட்டாள், தனக்கொன்று, காலர்க்காரிக்கொன்று.

"எனக்கு எதுக்குடி?" என்றாள் காலர்க்காரி.

"நீயும் பாதி மாத்திரைதான் முழுங்கியிருக்க. எழுந்திரு, நர்ஸ்கிட்ட காட்டுவோம். இந்தத் தடவை வெட்டிப் பங்கு போட முடியாது."